ஹேடியனும் அப்பாவின் ஊரும்

பூமியின் வயதைப் பிள்ளைகளுக்கு விளங்கவைக்க வேண்டுமென்றால் நான் கயிற்றைத்தான் எடுப்பேன். கரும்பலகையில் சுழியங்களை வரிசையாக எழுதிக்கொண்டு போனால் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். மைதானத்தில் நீளமாக ஒரு நைலோன் கயிற்றை இழுத்துக் கட்டி, அந்தக் கோடி பூமி பிறந்த நாள், இந்தக் கோடி இன்றைய நாள் என்று சொல்லி, ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு பொருளைக் கொடுப்பேன். சிப்பி, மீன்முள், காய்ந்த இலை, கோழி இறகு. அவரவர் பொருளை அதது வந்த காலத்தில் கட்டவேண்டும். நாங்கள் நிற்கிற யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கல் கயிற்றின் கடைசிச் சாணுக்குள் வந்துவிடும். மனிதனுக்குக் கொடுத்த பாசிமணியைக் கட்டவே இடம் இருக்காது. முடிச்சோடு சேர்த்து நெரித்துக் கட்டவேண்டியதுதான். அந்தப் பக்கத்துக் கோடியில் கயிறு வெறுமையாகக் கிடக்கும்.

சென்ற வருடம் ஒரு பிள்ளை அந்த வெறுமையான இடத்தில் போய் நின்றுகொண்டது.

“டீச்சர், இந்தத் துண்டிலை என்னத்தைக் கட்டுறது?”

“ஒண்டும் கட்டக்கூடாது. அதுதான் ஹேடியன்.”

“ஒண்டும் இல்லையெண்டால் உதை வெட்டிவிடுவமே?”

வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அந்தப் பிள்ளையைப் பிடித்து வெயிலில் நிற்கவைத்துக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று சரியாக ஞாபகம் இல்லை. நல்ல கேள்வி ஒன்றைக் கேட்டதற்காக ஒரு பிள்ளை ஏச்சு வாங்கியது. என் கோபம் அந்தப் பிள்ளைக்கு உரியதே இல்லை. அந்தக் கிழமை எங்கள் வீட்டிலும் அதே கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது.

பாடப்புத்தகத்தில் ஹேடியனுக்கு ஒன்றரை வரி. பூமியின் முதலாவது யுகம், உருகிய நிலை, பாறைகள் எஞ்சவில்லை. சோதனைக்கு வராது என்பதால் பிள்ளைகள் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். ஆனால் அந்த ஒன்றரை வரிக்குள் ஐம்பது அறுபது கோடி வருடங்கள் கிடக்கின்றன. செவ்வாய்க் கிரகம் அளவில் ஏதோ ஒன்று வந்து மோதி, சிதறிய துண்டுகள் சேர்ந்து நிலாவானது அப்போதுதான் என்கிறார்கள். தரை முழுக்க உருகிய குழம்பு. பிறகு மேலே ஆடை படிந்தது, நீராவி மழையாகக் கொட்டியது, கடல் என்று ஒன்று சேர்ந்தது. இவ்வளவும் நடந்த தரையில் கையால் தொடக்கூடிய பாறை என்று சொல்ல அநேகமாக ஒன்றும் மிஞ்சவில்லை. பூமி அதை உள்ளே இழுத்து மறுபடியும் உருக்கிவிட்டது. மேற்கு அவுஸ்திரேலியாவில், பிற்காலத்துப் பாறை ஒன்றுக்குள் உப்புப் பரலிலும் சிறிய, சிர்க்கன் என்ற கனிம மணிகள் சில அகப்பட்டிருக்கின்றன. அவை மட்டும் அந்தக் காலத்தவை. அவை எந்தப் பாறையில் பிறந்தன, அந்தப் பாறை எங்கே கிடந்தது, ஒருவருக்கும் தெரியாது.

என் அப்பாவும் அப்படித்தான் அச்சுவேலிக்கு வந்து சேர்ந்தவர்.

தென்னிலங்கையில் சுருட்டுக் கடை வைத்திருந்த ஒருவர், வருடப்பிறப்புக்கு ஊருக்கு வந்தபோது, இடுப்பில் ஒரு ஆண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாராம். நடக்கத் தெரியும், கதைக்கத் தெரியாது. கடைக்காரருக்கும் மனைவிக்கும் பிள்ளை இல்லை. குழந்தை யாருடையது, எந்த ஊரில் எடுத்தது என்று அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொல்லாமலே அடுத்த வருடம் செத்தும் போனார். மனைவியைக் கேட்டவர்களுக்கு, “அவர் கொண்டுவந்தார், நான் வளர்க்கிறன்” என்பதைத் தவிர வேறு பதில் கிடைக்கவில்லை. அந்தக் குழந்தை வளர்ந்து, அச்சுவேலியில் வெங்காயத் தோட்டம் செய்து, கலியாணம் கட்டி, என்னைப் பெற்று, எழுபது வயதைத் தாண்டிக் கண்ணை மூடியது.

அப்பாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. தண்ணீர் குடிக்கும் முன் செம்பைச் சரித்து ஒரு சொட்டை நிலத்தில் விடுவார். எங்கள் ஊரில் வேறு ஒருவரும் அப்படிச் செய்து நான் பார்க்கவில்லை. எங்கே பழகினீர்கள் என்று கேட்டால், “தெரியாது” என்பார். அதையும் தாண்டிக் கேட்டால் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுவார். அந்த ஒரு சொட்டிலிருந்து ஒரு ஊரைக் கண்டுபிடிக்கலாமா என்று நான் எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். யோசித்து யோசித்து எரிச்சல்தான் மிச்சம்.

இனி அந்தக் கிழமைக்கு வருகிறேன். என் மகள் யாழ்ப்பாணத்தில் ஒரு கந்தோரில் வேலை செய்கிறாள். அதே கந்தோரில் வேலை செய்யும் மயிலிட்டிப் பொடியன் ஒருவனை விரும்பினாள். அவனும் விரும்பினான். ஆனால் தகப்பன் இல்லாத வீடு. தாயின் சம்மதம் இல்லாமல் கட்டமாட்டேன் என்று அவன் முதல் நாளே சொல்லிவிட்டான். தாயோ, முதலில் பெண் வீட்டின் பூர்வீகத்தை விசாரிக்க வேண்டும் என்று சொல்லித் தன் தம்பியை அனுப்பியிருந்தார்.

விசாரிப்பது என்றால் எங்கள் பக்கத்தில் அது ஒரு தனிக்கலை. வீட்டுக்கு வந்து கேட்கமாட்டார்கள். சந்தையில் கேட்பார்கள், கோயில் வீதியில் கேட்பார்கள், சலூனில் தலையைக் குனிந்துகொண்டு கேட்பார்கள். ரிஷிமூலம் நதிமூலம் பார்க்கக்கூடாது என்று சொல்லிவைத்தவர்கள் கலியாண மூலத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விட்டது பெரிய பிழை.

அச்சுவேலிச் சந்தையில் எனக்கு வழக்கமாக மரக்கறி தருகிற அக்காதான் முதலில் சொன்னா. “டீச்சர், மோட்டார் சைக்கிளிலை ஒருதர் வந்து உங்கடை அப்பாவைப் பற்றிக் கேட்டவர்.”

“நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

“நல்ல மனுசன், அழுகின வெங்காயம் ஒண்டு கலக்கமாட்டார் எண்டு சொன்னனான்.”

“வேறை என்ன கேட்டவர்?”

அக்கா கத்தரிக்காயைத் தராசில் போட்டு, பிறகு எடுத்து, மறுபடியும் போட்டா. நான் பையை வாங்கிக்கொண்டு நடந்தேன்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் எழுந்து நின்றேன். குசினியில் இருந்த போத்தல்களையெல்லாம் இறக்கிக் கழுவி அடுக்கினேன். அடுத்த நாள் மறுபடியும் இறக்கினேன். என் கணவர் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், உலகத்தில் எதுவும் தானாகச் சரிவரும் என்று நம்புகிறவர். “சும்மா ஒரு இடத்திலை இருமன். நீர் நடந்து நடந்து எனக்குத் தலை சுத்துது” என்றார். சும்மா இருக்கத் தெரிந்திருந்தால் நான் ஏன் ஆசிரியையாகப் போகிறேன்?

மகள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. தொலைபேசி அடித்தால் மட்டும் நிமிர்ந்து பார்த்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

விசாரணையை நினைத்து இவ்வளவு கொதித்த நான் சும்மா இருந்தேனா என்றால், அதுவும் இல்லை. எங்கள் பாடசாலை விஞ்ஞான ஆசிரியை ஞாயிற்றுக்கிழமைகளில் மயிலிட்டித் துறைமுகத்துக்கு மீன் வாங்கப் போவா. அப்படியே அந்தப் பொடியன் வீட்டைப் பற்றியும் ஒரு சொல் கேட்டுவாருங்கோ என்று சொல்லியனுப்பினேன். திங்கட்கிழமை ஆசிரியர் அறைக்குள் வந்தவ பெரிய சந்தோசத்தோடு கதையைத் தொடங்கினா. மீன் பேரம் பேசிக்கொண்டு நின்ற ஒரு பெண்ணைக் கேட்டாவாம். “உந்த வீட்டு ஆக்கள் எப்பிடி? தாய் கொஞ்சம் வாய்க்காரி எண்டு கேள்வி.” அந்தப் பெண் மீனைக் கீழே வைத்துவிட்டு, “கொஞ்சம் இல்லை, சரியான வாய்க்காரி. நான்தான் அது” என்றாவாம்.

“பேந்து?” என்றேன்.

“பேந்தென்ன, ஆர் அனுப்பினதெண்டு கேட்டவ, உங்களைச் சொன்னன். தன்ரை மகனைப் பற்றி நல்லாத்தான் சொன்னவ. எந்த மீன் நல்லதெண்டும் சொல்லித் தந்தவ.”

அந்த நாளின் மிச்சப் பாடங்களை நான் எப்படி எடுத்தேன் என்று கேட்கவேண்டாம்.

அடுத்த சனிக்கிழமை பொடியனின் மாமா நேரிலேயே வருகிறார் என்று மகள் சொன்னாள். நான் இரண்டு நாள் இருந்து ஒரு பேச்சைத் தயாரித்தேன். வகுப்பில் வாதாடிப் பழகிய வாய் அல்லவா? என் திட்டம் இதுதான். அவர் என் அப்பாவின் அப்பா யார் என்று கேட்பார். நான் அவருடைய பாட்டன் யார் என்று கேட்பேன். சொல்லுவார். அதுக்கு முதல் யார் என்பேன். அதையும் சொல்லுவார். அதுக்கு முதல்? அதுக்கும் முதல்? இப்படியே அவரைப் பின்னுக்குத் தள்ளித் தள்ளிக் கொண்டுபோய் ஹேடியனின் வாசலில் நிறுத்துவேன். “தம்பி, பூமிக்கே தன்ரை முதல் அறுபது கோடி வருசத்துக்குக் கணக்குச் சொல்லத் தெரியாது. என்ரை அப்பாவுக்கு முதல் இரண்டு வருசம்தான் தெரியாது” என்று முடிப்பேன். குளிக்கும்போதுகூடச் சொல்லிப் பார்த்தேன். அருமையாக இருந்தது.

மாமா வந்தார். தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு மரியாதையாக இருந்தார். நல்ல மனிதர் என்று பார்த்த உடனேயே தெரிந்தது. அதனால் எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது. பிளேன்ரீயும் ரோல்ஸும் கொண்டுவந்து வைத்த மகள் உள்ளே போகாமல் கதவோரம் நின்றாள். வெயில், மழை, வெங்காய விலை எல்லாம் கதைத்து முடிந்தது.

“டீச்சர், குறை நினைக்கக்கூடாது” என்று தொடங்கினார். “உங்கடை அப்பாவின்ரை பக்கம் எவ்விடம்?”

“உங்கடை பாட்டனார் எவ்விடம்?” என்றேன்.

“மயிலிட்டிதான்.”

“அதுக்கு முதல்?”

“மயிலிட்டிதான்.”

“அதுக்கும் முதல்?”

“அதுக்கு முதலும் மயிலிட்டிதான் டீச்சர்” என்றார், கொஞ்சமும் கோபப்படாமல். “சண்டைக்காலத்திலை நாங்கள் எத்தினையோ வருசம் ஊரை விட்டுட்டு முகாமிலை கிடந்தனாங்கள். அங்கையும் ஆர் கேட்டாலும் மயிலிட்டி எண்டுதான் சொன்னனாங்கள். ஒரு ஊர்ப் பேர் இருக்கிறது பெரிய விசயம்.”

என் பேச்சு முழுவதும் அந்த இடத்திலேயே செத்துப்போனது. இந்த மனிதருக்கு முன்னால் கோடி வருடங்களைத் தூக்கிக்கொண்டு வர எனக்கு வெட்கமாக இருந்தது.

“நான் குடையிறதுக்குக் கேட்கேல்லை” என்றார் அவர். “எங்கடை பெரியாக்கள் கேட்பினம். அவைக்குச் சொல்ல ஒரு ஊர் வேணும். அவ்வளவுதான்.”

“மன்னார்” என்றது ஒரு குரல்.

நான் திரும்பிப் பார்த்தேன். என் கணவர். கையில் ரோல்ஸ் பாதி.

மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது. “மன்னாரிலை எவ்விடம்?”

“மன்னார்... பக்கம்.”

“பேசாலையோ?”

“ஓம், உந்தப் பேசாலைப் பக்கம்தான்.”

“அங்கை கனபேர் வேதக்காரர், சேர்ச்சுக்குப் போற ஆக்களல்லோ?”

“இல்லையில்லை, பேசாலைக்கு இஞ்சாலை” என்று என் கணவர் அவசரமாகப் பின்வாங்கினார்.

இரண்டு நிமிடத்துக்குள் அப்பாவுக்கு ஒரு ஊர் கிடைத்துவிட்டது. இன்னும் கொஞ்சம் விட்டால் வீடு, வளவு, கிணறு, கோயில் உரிமை எல்லாம் கிடைத்துவிடும். உண்மையைச் சொல்லவேண்டும், ஒரு கணம் எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. மன்னார். ஏன் கூடாது? யாருக்கு நட்டம்? மகளைப் பார்த்தேன். அவள் மூச்சுவிடவே பயந்து நின்றாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், அவள் வாழ்க்கை சரியாகிவிடும். ஆசிரியை ஒருத்தி ஒரு பின்னேரம் வாயை மூடிக்கொண்டிருப்பது அவ்வளவு பெரிய காரியமா?

ஆனால் அப்பா நினைத்திருந்தால் எப்போதோ ஒரு ஊரைச் சொல்லியிருக்கலாம். கலியாணம் பேசும்போது கேட்டிருப்பார்கள். சண்டை வந்தால் வேலிக்கு மேலால் கேட்டிருப்பார்கள். ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆயுள் முழுக்க அந்த மனிதர் “தெரியாது” என்றே சொன்னார். ஒன்றும் கட்டாமல் அவர் விட்டுப்போன இடத்தில் இவர்கள் இருவரும் இருந்து எதையோ கட்டிக்கொண்டிருந்தார்கள்.

“இல்லை” என்றேன். “மன்னார் இல்லை. இவர் சும்மா சொல்லுறார். அப்பா எவ்விடமெண்டு எங்களுக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. கதைக்கத் தெரியாத வயசிலை கொண்டுவந்து அச்சுவேலியிலை வளர்த்தது. அதுக்கு முதல் ஒண்டும் தெரியாது.”

மாமா தலைக்கவசத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். “ஓம்” என்றார். பிளேன்ரீயைக் குடித்து முடித்தார். “அப்ப நான் வாறன், டீச்சர்.” மோட்டார் சைக்கிள் சத்தம் ஒழுங்கை முடிவுவரை கேட்டது.

“ஆயிரம் பொய் சொல்லியெண்டாலும் ஒரு கலியாணத்தைச் செய்துவைக்கச் சொல்லியிருக்கு. நான் ஒண்டே ஒண்டுதானே சொன்னனான்” என்றார் என் கணவர். அவருக்கு உண்மையாகவே மனம் நொந்திருந்தது.

மகள் கோப்பைகளை எடுத்தாள். எடுத்தபடியே சொன்னாள். “உங்களுக்கு உங்கடை அப்பா பெரிசு. நான் பெரிசில்லை.”

“அப்பிடியில்லை, பிள்ளை.”

“பின்னை எப்பிடி? செத்தவருக்கு ஒரு ஊரைச் சொன்னால் என்னம்மா? அவருக்கு நோகுமே?”

நாற்பது பிள்ளைகளை ஒரே அதட்டில் அடக்குகிறவள் நான், மிஞ்சிய ரோல்ஸ் தட்டைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போனேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் என் பகையாளிக்கும் வரக்கூடாது. மகள் வேலைக்குப் போனாள், வந்தாள், சாப்பிட்டாள். என்னோடு தேவைக்கு மட்டும் கதைத்தாள். நான் செய்தது சரி என்று காலையில் நினைத்தேன். பின்னேரம் ஆக, இந்த உலகத்தில் என்னைப்போல ஒரு மொக்கு இல்லை என்று நினைத்தேன். மன்னார் என்றே விட்டிருக்கலாம். பூமியை ஆராய்கிறவர்கள்கூட ஒன்றும் தெரியாத காலத்துக்குப் கிரேக்கக் கதைப் பாதாளத்தின் பெயரை எடுத்து ஹேடியன் என்று வைத்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கிறார்கள். பெயர் வைத்ததால் யாருக்கு என்ன குறைந்துபோனது? இப்படி ஒரு பக்கம் வாதாடிவிட்டு மறுபக்கம் போய் நின்றும் நானே வாதாடினேன். வாசலைக் கூட்டினேன். கூட்டிய வாசலையே மறுபடியும் கூட்டினேன்.

நாலாம் நாள் பின்னேரம், நான் பாடசாலையால் வந்து சேலைகூட மாற்றவில்லை, தொலைபேசி அடித்தது. புது இலக்கம்.

“டீச்சரோ? நான் மயிலிட்டியிலையிருந்து. அந்த வாய்க்காரி.”

மகள் அறைக்குள்ளிருந்து வந்து குசினி வாசலில் நின்றாள்.

“தம்பி எல்லாம் சொன்னவன்” என்றா அந்தத் தாய். “உங்கடை அப்பாவைப் பற்றி அவன் முதலே அச்சுவேலி முழுக்க விசாரிச்சிட்டுத்தான் உங்கடை வீட்டை வந்தவன். கேட்ட எல்லாரும் ஒரே கதைதான். நல்ல மனுசன், ஆற்றை பிள்ளையெண்டு தெரியாது. எனக்கு அது எப்பவோ தெரியும்.”

“தெரிஞ்சுகொண்டோ திருப்பிக் கேட்டனீங்கள்?”

“எனக்காகவோ கேட்டது? எங்கடை ஆக்களுக்கு ஒரு பேர் சொல்லவேணும். நீங்கள் ஒரு ஊரைச் சொல்லியிருந்தால் நானும் அதையே சொல்லிப்போட்டு என்ரை பாட்டிலை அலுவலைப் பாத்திருப்பன். உங்கடை அவர் நல்ல மனுசன், உடனை ஒண்டைச் சொன்னவர். நீங்கள்தான் கெடுத்துப்போட்டியள்.”

என் உண்மை ஒருவருக்கும் தேவைப்பட்டிருக்கவில்லை. அவர்களுக்கு அது முன்னமே தெரிந்திருந்தது. அதை மூடிவைக்க ஒரு துணிதான் கேட்டிருக்கிறார்கள்.

“இப்ப கேட்கிறவைக்கு நான் என்னத்தைச் சொல்லுறது?” என்றா. குரலில் கோபம் இல்லை. என்னைப் போலவே களைத்துப்போயிருந்தா.

மகள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். மன்னார் என்ற சொல் என் தொண்டைவரை வந்துவிட்டது. அதைச் சொன்னால் இந்தக் கணமே எல்லாம் முடிந்துவிடும் என்று எனக்குத் தெரியும்.

“தெரியாதெண்டு சொல்லுங்கோ” என்றேன்.

தொலைபேசிக்குப் புறத்தால், தன் வீட்டுக்குள் யாரையோ பார்த்து அவ கத்துவது கேட்டது.

“எடியே, இஞ்சை கேள். பெட்டையின்ரை அம்மாவின்ரை தகப்பன் எவ்விடமெண்டு ஆரும் கேட்டால் தெரியாதெண்டு சொல்லு. பெரியப்பாவுக்கும் அதைத்தான் சொல்லவேணும். விளங்கினதே? தெரியாது!”

பிறகு என்னிடம், “தை பிறக்கட்டும், நாள் பாப்பம்” என்றா.

அப்பா இருந்த காலம் முழுவதும் எங்கள் ஊர் அந்தச் சொல்லைக் குரலைத் தாழ்த்தியே சொன்னது. அவர் தெருவில் வந்தால் பாதியில் நிறுத்தியது. ஒரு மனுசி அதை வீடு அதிரக் கத்திச் சொன்னதை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். தொலைபேசியை மகளின் கையில் கொடுத்துவிட்டு, அதைக் கேட்க அப்பா இல்லையே என்று வாய்விட்டு அழுதேன்.